லும்பினிக்கு முக்கால் மணி நேரமா?

எங்க குடும்ப வாட்ஸ்அப் குழுவுல அத்தை ஒரு சுற்றுலா அட்டவணை அனுப்பியிருந்தாங்க. காசி, கயா, கோரக்பூர், நேபாளம். அதுல ஒரு நாளைக்கு இப்படிப் போட்டிருந்துச்சு: காலையில் எல்லை தாண்டுதல், லும்பினி தரிசனம் (45 நிமிடம்), ஷாப்பிங் (2 மணி நேரம்), மாலை திரும்புதல்.

நாப்பத்தஞ்சு நிமிஷம்!

கோபம் வந்துருச்சுங்க எனக்கு. புத்தர் பிறந்த இடம்னு உலகமே நம்பற ஊரு. அசோகச் சக்கரவர்த்தி நேர்ல வந்து, கல்தூண் நட்டு, எழுத்து வெட்டி வச்சுட்டுப் போன ஊரு. யுனெஸ்கோ 1997-லயே உலகப் பாரம்பரியப் பட்டியல்ல சேர்த்துட்டாங்க. அங்க முக்கால் மணி நேரம். பக்கத்துக் கடைத்தெருவுல ரெண்டு மணி நேரம்.

அத்தைக்கு உடனே போன் பண்ணேன். "அத்தை, அந்த ஒரு நாளை மட்டும் என்கிட்ட விடுங்க. நான் போட்டுத் தர்றேன்"னு சொன்னேன். "டூர்க்காரங்க சொல்றாங்கப்பா, அங்க பாக்க ஒண்ணும் இல்ல, செங்கல்தான் கிடக்குதாம்"னாங்க.

செங்கல்தான் அத்தை. அந்தச் செங்கலைப் பாக்கத்தான் போறோம்.

நான் அம்மாவோட அங்க போய்ட்டு வந்தவன். அத்தைக்காக எழுதி வச்ச குறிப்பை கொஞ்சம் நீட்டி இங்க போடறேன். கோரக்பூர் வரைக்கும் போறவங்க நிறையப் பேர் இருக்கீங்க, உங்களுக்கும் உதவும்.

முதல்ல தூரக் கணக்கு.

கோரக்பூர்ல இருந்து எல்லையில இருக்கற சுனௌலி சுமார் 100 கி.மீ. ஃபரெண்டா, நௌதன்வா வழியாப் போற ரோடு. எல்லையைத் தாண்டினா பைரஹவா 4 கி.மீ. (சித்தார்த்தநகர்னு அதிகாரப்பூர்வப் பேரு. ஆனா பஸ்காரர்ல இருந்து டீக்கடைக்காரர் வரைக்கும் எல்லாருக்கும் அது பைரஹவாதான்.) அங்கிருந்து லும்பினி 22 கி.மீ.

மொத்தமே 126 கி.மீ.தானே, ரெண்டரை மணி நேரத்துல போயிடலாம்னு தோணும். போக முடியாது. சுனௌலியை நெருங்க நெருங்க சரக்கு லாரிங்க வரிசை கட்டி நிக்கும். நேபாளத்துக்குப் போற சரக்குல பெரும்பங்கு இந்த மாதிரி தரைவழிச் சாவடிங்க வழியாத்தான் போகுது. அந்த வரிசைக்குப் பக்கத்துல கிடைக்கற சந்துலதான் பஸ், ஜீப், டிராக்டர், கல்யாண ஊர்வலம் எல்லாம். கோரக்பூர்ல இருந்து லும்பினி வாசல் வரைக்கும் நாலரை மணி நேரம்னு வச்சுக்கோங்க. முன்னாடியே போய்ட்டா லாபம்.

அதனால நான் திட்டத்தைப் பின்னாலிருந்து போட்டேன். இருட்டறதுக்கு முன்னாடி திரும்ப எல்லையைத் தாண்டிடணும். ராத்திரி அந்த ரோட்டுல லாரிங்களுக்கு நடுவுல வயசானவங்களைக் கூட்டிட்டு வர்றது வேண்டாம். அப்போ லும்பினியை விட்டு மதியம் ரெண்டரைக்குக் கிளம்பணும். அங்க அஞ்சு மணி நேரமாவது வேணும்னா காலையில ஒன்பதரைக்கு உள்ள இருக்கணும். அப்போ கோரக்பூர்ல அஞ்சு மணிக்கே வண்டி ஏறணும்.

அஞ்சு மணியானு அத்தை கேட்டாங்க. மார்கழியில மூணரைக்கு எழுந்து கோலம் போடறவங்க நீங்க, உங்களுக்கு என்ன அத்தைன்னேன். ஒத்துக்கிட்டாங்க.

அவ்வளவு சீக்கிரம் முடியாதுன்னா முந்தின ராத்திரி நௌதன்வாலயோ சுனௌலியிலயோ தங்கிக்கலாம். நௌதன்வா வரைக்கும் ரயிலும் இருக்கு. அங்கிருந்து எல்லை ரொம்பப் பக்கம்.

இன்னொண்ணு. எல்லையைத் தாண்டின அந்த நொடி உங்க கடிகாரம் கால் மணி நேரம் பின்தங்கிடும். நேபாள நேரம் நம்ம நேரத்தைவிட 15 நிமிஷம் முன்னாடி. அரை மணி, ஒரு மணி வித்தியாசம் கேள்விப்பட்டிருக்கோம். இது கால் மணி! கௌரிசங்கர் மலைமேல போற தீர்க்கரேகையை வச்சு 1986-ல இப்படி மாத்திக்கிட்டாங்க. தங்களுக்குன்னு ஒரு மலை, அந்த மலைக்குன்னு ஒரு நேரம். எனக்கு ரொம்பப் பிடிச்சிருந்துச்சு. (டிரைவர்கிட்ட "ரெண்டரைக்குக் கிளம்பணும்"னு சொல்லும்போது எந்த நாட்டு ரெண்டரைன்னு சேர்த்துச் சொல்லிடுங்க. கால் மணி நேரம் யாராவது ஒருத்தர் வெயில்ல நிக்க வேண்டி வரும்.)

இப்போ எல்லை.

இந்தியர்களுக்கு விசா கிடையாது. முத்திரையும் குத்த மாட்டாங்க. 1950-ல ரெண்டு நாடும் போட்ட ஒப்பந்தத்துல இருந்து இந்தப் போக்குவரத்து திறந்தே இருக்கு. ஒரு பெரிய வளைவு, அதுக்குக் கீழ ஜனங்க நடந்து போய்க்கிட்டே இருக்காங்க. பள்ளிக்கூடப் பிள்ளைங்க, காய்கறி மூட்டை வச்ச சைக்கிள், மருமகளைப் பாக்கப் போற மாமியார். அந்தப் பக்கம் பெலஹியா. அம்மா நடுவுல நின்னு, "இப்ப நான் எந்த நாட்டுல இருக்கேன்?"னு கேட்டாங்க. முகம் முழுக்கச் சிரிப்பு. அவங்களுக்கு அது முதல் வெளிநாடு.

அதுக்காகக் கையை வீசிட்டுப் போயிடாதீங்க. பாஸ்போர்ட் இல்லேன்னா வோட்டர் ஐடி, அசல், கையில இருக்கணும். ஆதார் மட்டும் போதும்னு நிறையப் பேர் சொல்வாங்க. 15 வயசுக்குக் கீழ, 65 வயசுக்கு மேல இருக்கறவங்களுக்குத்தான் ஆதார் மாதிரி மத்த அட்டைங்களை ஏத்துக்கலாம்னு விதி. நடுவுல இருக்கற நாமெல்லாம் வோட்டர் ஐடியைத் தேடி எடுத்து வச்சுக்கணும்.

இலங்கை, மலேசியா, சிங்கப்பூர்ல இருந்து படிக்கறவங்களுக்கு ஒரு முக்கியமான விஷயம். உங்க இந்திய விசாவுல எத்தனை தடவை நுழையலாம்னு போட்டிருக்குன்னு முதல்ல பாருங்க. ஒரே தடவைன்னு இருந்தா, லும்பினி பாத்துட்டு சாயங்காலம் திரும்பி வர முடியாது. தரைவழியா நுழைய அந்த விசா செல்லுமான்னும் கேட்டு வச்சுக்கோங்க. அப்புறம், கூட்டத்தோட கூட்டமா நடந்தா யாரும் உங்களை நிறுத்த மாட்டாங்க. ஆனா நீங்களே தேடிப் போய் இந்தியப் பக்கம் வெளியேறும் முத்திரையும், நேபாளப் பக்கம் நுழையும் முத்திரையும் வாங்கியே ஆகணும். ரெண்டு அலுவலகமும் ரோட்டோரமாத்தான் இருக்கு, சின்னதா இருக்கும், பலகையைப் பாத்துப் போங்க.

பணம்: 1 இந்திய ரூபாய்க்கு 1.60 நேபாள ரூபாய். 1993-ல இருந்து இது மாறவே இல்ல, அதனால எவனும் உங்களைக் குழப்ப முடியாது. நம்ம ரூபாயை எல்லை ஊர்கள்ல சாதாரணமா வாங்கிக்கறாங்க. பெரிய தாளுங்க விஷயத்துல நேபாளம் பல வருஷம் தடை போட்டிருந்துச்சு, அதனால கடைக்காரங்களுக்கு இன்னும் 100 ரூபாய்த் தாள்மேலதான் பிரியம். ஒரு கட்டு நூறு ரூபாய் எடுத்துட்டுப் போங்க, பேச்சே இருக்காது.

வண்டி: இதுல எனக்குத் திடமான அபிப்பிராயம் உண்டு. கோரக்பூர்ல எடுத்த காரை எல்லை தாண்டிக் கொண்டு போகாதீங்க. இந்திய வண்டி நேபாளத்துக்குள்ள போகணும்னா பன்சார்னு ஒரு சுங்கச் சீட்டு வாங்கணும், நாள் கணக்குக்குக் காசு. அந்தக் கவுன்டர்ல நிக்கற நேரத்துல நீங்க பைரஹவா போய்ச் சேர்ந்திருப்பீங்க. காரை இந்தியப் பக்கம் நிறுத்திட்டு நடந்து தாண்டுங்க, இல்ல ரிக்‌ஷா பிடிங்க. பெலஹியாவுல நேபாள டாக்ஸி நிறைய நிக்குது. போய்வர, காத்திருக்க எல்லாம் சேர்த்து முன்னாடியே பேசிக்கலாம். செலவு குறையணும்னா பைரஹவாவுல புத்த சௌக்ல இருந்து லும்பினிக்கு பஸ் இருக்கு.

எங்க டாக்ஸிக்காரர், "ஒரு மணி நேரம் போதும், அப்புறம் உங்களை நல்ல நல்ல கடைக்குக் கூட்டிட்டுப் போறேன்"னார். எல்லாரும் அதைத்தான் கேக்கறாங்க போல. "இல்ல பாய், எங்களுக்கு அஞ்சு மணி நேரம்"னு சொன்னதும் திரும்பி ஒரு தடவை பாத்தார்.

சரி, உள்ள வருவோம். நான் சொல்ல வந்ததே இதைத்தான்.

லும்பினி வளாகம் 4.8 கி.மீ. நீளம், 1.6 கி.மீ. அகலம். இதோட வரைபடம் போட்டவர் ஜப்பான் கட்டடக் கலைஞர் கென்சோ டாங்கே, ஹிரோஷிமா அமைதி நினைவுப் பூங்காவை வடிவமைச்ச அதே ஆள். 1967-ல ஐ.நா. பொதுச்செயலாளர் ஊ தாண்ட் இங்க வந்தார். பர்மாக்காரர், பௌத்தர். இந்த இடம் கிடந்த கோலத்தைப் பாத்துக் கண் கலங்கிட்டார்னு சொல்வாங்க. அவர் எடுத்த முயற்சியிலதான் டாங்கேகிட்ட வேலை போச்சு, 1978-ல திட்டம் ஒப்புதல் ஆச்சு. நடுவுல ஒரு நீண்ட கால்வாய். கிழக்குப் பக்கம் தேரவாத மடங்கள், மேற்குப் பக்கம் மகாயான, வஜ்ரயான மடங்கள். வடக்குக் கோடியில வெள்ளை அமைதி ஸ்தூபி. தெற்குக் கோடியில புத்தரோட அம்மா மாயாதேவி பேர்ல இருக்கற கோயிலும் அசோகர் தூணும்.

பெரும்பாலான சுற்றுலாக் குழுக்கள் மடங்களை வேகமா ஒரு சுத்து சுத்தி, மியான்மர் தங்கக் கோயில் முன்னாடி போட்டோ, ஜெர்மன் ஸ்தூபி முன்னாடி போட்டோ, தாய்லாந்து மடம் முன்னாடி போட்டோன்னு எடுத்துட்டு, கடைசியில களைச்சுப் போய் மாயாதேவி கோயில்ல வரிசையில நுழைஞ்சு வெளிய வந்துடறாங்க. மடங்கள் அழகுதான், இல்லேன்னு சொல்லல. ஆனா அதெல்லாம் நம்ம காலத்துக் கட்டடம். 2,000 வருஷத்துக்கு மேல பழசு தெற்குக் கோடியில இருக்கு. அங்கதான் முதல்ல போகணும். மனசும் காலும் புதுசா இருக்கும்போதே.

டிக்கெட் வாங்கிட்டு, செருப்பைக் கழட்டிடணும். (சாக்ஸ் கொண்டு போங்க. ஏப்ரல், மே மாசத்துல தராய்னு சொல்ற இந்தச் சமவெளியில வெயில் 40 டிகிரியைத் தாண்டும், தரையில கால் வைக்க முடியாது.)

தூண்கிட்ட போங்க. பக்கத்துல உக்காருங்க. அவசரப்படாதீங்க.

அது கி.மு. 249 வாக்குல நட்ட தூண். அசோகர் முடிசூடி 20 வருஷம் ஆனப்போ தானே இங்க வந்து வழிபட்டதா அதுல சொல்றார். மேல குதிரைச் சிற்பம் இருந்துச்சுன்னு ஏழாம் நூற்றாண்டுல வந்த சீன யாத்ரிகர் யுவான் சுவாங் எழுதியிருக்கார். இடி விழுந்து உடைஞ்சு கிடந்ததையும் அவரே எழுதியிருக்கார். இப்பவும் தூணோட உடம்புல நீளமா ஒரு பிளவு இருக்கு, வளையம் போட்டுப் பிடிச்சு வச்சிருக்காங்க. மேல்பக்கம், 14-ஆம் நூற்றாண்டுல வந்த ரிபு மல்லன்ங்கற அரசன் தன் பேரை வெட்டிட்டுப் போயிருக்கான்.

1896 டிசம்பர்ல என்ன நடந்துச்சுன்னா, பால்பா ஆளுநரா இருந்த ஜெனரல் கட்க ஷம்ஷேரும், இந்தியத் தொல்லியல் துறையில இருந்த ஜெர்மன்காரர் அலோய்ஸ் ஃப்யூரரும் இங்க வந்தாங்க. வெளிய தெரிஞ்சது ரிபு மல்லன் எழுத்துதான். சில அடி மண்ணைத் தோண்டினதும் கீழ அஞ்சு வரி பிராமி எழுத்து. மண்ணு மூடி இருந்ததால ஒரு எழுத்துகூடச் சிதையாம இருந்துச்சு. புத்தர், ஷாக்கியமுனி, இங்க பிறந்தார்னு தெளிவா எழுதியிருந்துச்சு. (இந்த ஃப்யூரர் ரெண்டு வருஷத்துல, பொய்யான புத்த எலும்புகளைப் பர்மியத் துறவிக்குக் கொடுத்தது உட்பட பல மோசடிகள்ல மாட்டி வேலையை இழந்தார். ஆனா தூண் எழுத்து அசல்னு மத்த அறிஞர்கள் சோதிச்சு ஏத்துக்கிட்டாங்க.)

அந்த அஞ்சு வரியில என்னை நிக்க வச்சது கடைசி விஷயம். பேரரசர் வந்தார், வழிபட்டார், தூண் நட்டார். அதோட முடிஞ்சிருக்கலாம். ஆனா அவர் அந்தக் கிராமத்துக்கு வரிச் சலுகை கொடுக்கறார். ஒரு வரியை அடியோட தள்ளுபடி பண்ணிட்டு, விளைச்சல்ல எட்டுல ஒரு பங்கு கொடுத்தாப் போதும்னு சொல்றார். அர்த்தசாஸ்திரம் சொல்ற பங்கு ஆறுல ஒண்ணு. அந்தக் கணக்கை வச்சுப் பாத்தா, 48 கலம் விளைஞ்சவன் 8 கலம் கொடுக்கற இடத்துல 6 கலம். ரெண்டு கலம் மிச்சம்!

யோசிச்சுப் பாருங்க. புத்தர் பிறந்த ஊருங்கறதால அந்த ஊர் விவசாயி வீட்டுல ரெண்டு கலம் நெல்லு கூட மிஞ்சியிருக்கு. அவனுக்குப் பிராமி படிக்கத் தெரிஞ்சிருக்குமோ என்னவோ, பானையில நெல்லு இருந்திருக்கும். கோயில் கட்டின ராஜாக்களைப் பத்தி எவ்வளவோ படிச்சிருக்கேன். ஒரு புனிதத் தலத்துக்கு வந்து அந்த ஊர் ஜனங்களோட சுமையை இறக்கி வச்ச ராஜா எனக்குள்ள ரொம்ப நேரம் இருந்தார். அம்மாவுக்குப் படிச்சுச் சொன்னேன். விவசாயக் குடும்பத்துல பிறந்தவங்க. "நல்ல மனுஷன்"னு ஒரே வார்த்தை சொல்லிட்டுத் தூணைப் பாத்துக் கும்பிட்டாங்க.

அப்புறம் மாயாதேவி கோயில். வெளிய பாக்க வெள்ளைக் கட்டடம், 2003-ல திறந்தது. பழைய இடிபாடுகளுக்குக் குடை மாதிரி மேல நிக்குது, அவ்வளவுதான். உள்ள சுத்திவர மரப்பலகை நடைபாதை. கீழ செங்கல் அஸ்திவாரங்கள். இதைப் பாத்துத்தான் "ஒண்ணும் இல்ல"ங்கறாங்க. போட்டோ எடுக்க விடமாட்டாங்க, அதுவும் நல்லதுக்குத்தான், கண்ணால பாப்போம்.

அந்தச் செங்கலுக்கு அடியில என்ன இருக்குன்னு தெரிஞ்சா கால் நகராது.

1990-கள்ல கோயில் மேல வளந்திருந்த பெரிய அரசமரத்தோட வேர் சுவரைப் பிளந்துக்கிட்டு இருந்துச்சு. மரத்தை எடுத்து, கட்டடத்தைப் பிரிச்சு, தோண்டினாங்க. 1996-ல ஒரு கல் கிடைச்சுது. பிறந்த இடத்தைக் குறிக்கற அடையாளக் கல்னு சொல்றாங்க. இப்ப கண்ணாடிக்குள்ள இருக்கு, வரிசை நிக்கறது அதுக்குத்தான். அதுக்கு மேல, மரக்கிளையைப் பிடிச்சு நிக்கற மாயாதேவி சிற்பம். முகமெல்லாம் தேஞ்சு போச்சு. அந்தப் பக்கத்துக் கிராமத்து ஜனங்க புத்தரை மறந்த காலத்துலயும் மாயாதேவியை ரும்மின்தேயின்னு அம்மனாக் கும்பிட்டிருக்காங்க. பேர் கொஞ்சம் மாறியிருந்தாலும் ஊர்ப்பேர் பிழைச்சிருந்தது அவங்களாலதான்.

2011-ல இருந்து 2013 வரைக்கும் டர்ஹாம் பல்கலைக்கழகத்து ராபின் கானிங்ஹாமும் நேபாளத்தோட கோஷ் பிரசாத் ஆச்சார்யாவும் அசோகர் காலச் செங்கலுக்கும் அடியில தோண்டினாங்க. மரத் தூண் நட்ட குழிகளோட தடம் கிடைச்சுது. ஒரு மர வேலி. நடுவுல கூரை இல்லாத திறந்த இடம். அந்த நடுவுல மண்ணுல பழைய மரவேரோட அடையாளம். காலக்கணிப்புல கி.மு. 6-ஆம் நூற்றாண்டுன்னு வந்துச்சு. ஒரு மரத்தைச் சுத்தி வேலி கட்டிக் கும்பிட்டிருக்காங்க, அதுக்கு மேலதான் செங்கல் கோயில் எழும்பியிருக்கு. மாயாதேவி ஒரு மரத்தைப் பிடிச்சுக்கிட்டுப் பெத்தாங்கன்னு சொல்ற கதையோட இது எப்படிப் பொருந்துது பாருங்க! அந்த வேலி பௌத்தர்களோடதான்னு சொல்ல முடியாது, அதுக்கும் முந்தின மரவழிபாடா இருக்கலாம்னு சில அறிஞர்கள் சொல்றாங்க. அதுவும் நியாயமான கேள்விதான். எதுவா இருந்தாலும், அசோகர் வர்றதுக்கு முன்னாடியே அந்த மண்ணுல யாரோ ஒரு மரத்துக்கு வேலி கட்டியிருக்காங்க. நம்ம கிராமத்துல அரசமரத்துக்கு மேடை கட்டற ஜனங்களுக்கு இதை விளக்கிச் சொல்லவே வேண்டாம்.

இதுக்கு நாப்பத்தஞ்சு நிமிஷம் எப்படிப் பத்தும்?

வெளிய வந்தா புஷ்கரணி குளம். சுத்தி ஸ்தூபிகளோட அடித்தளங்கள், மடங்களோட அறைச் சுவர்கள். மரத்தடியில பல நாட்டுத் துறவிகள் உக்காந்து ஓதிக்கிட்டு இருப்பாங்க. அங்க ஒரு மணி நேரம் சும்மா உக்காருங்க.

மீதி நேரம் இருந்தா பேட்டரி ரிக்‌ஷா பிடிச்சு கால்வாய் ஓரமா வடக்க போங்க. மடங்கள்ல கிழக்குல ஒண்ணு, மேற்குல ஒண்ணு போதும். மதிய வேளையில சில மடங்களை மூடி வச்சிடறாங்க. வடக்குக் கோடியில வயல் பக்கம் சாரஸ் கொக்குகளுக்கான சரணாலயம் இருக்கு. பறக்கற பறவைங்கள்லயே உயரமானது அதுதான். தெரிஞ்சா நில்லுங்க. சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம், தால், சாதம், காய், கீரைன்னு எல்லாக் கடையிலயும் இருக்கு, கேக்கக் கேக்கப் போடறாங்க.

எந்த மாசம்? அக்டோபர், நவம்பர் இல்லேன்னா பிப்ரவரி, மார்ச். டிசம்பர் கடைசியிலயும் ஜனவரியிலயும் தராய் முழுக்கப் பனிமூட்டம், பத்து மணி வரைக்கும் எதிர வர்ற லாரி தெரியாது, அந்த அஞ்சு மணித் திட்டமே நடக்காது. வைகாசி விசாகத்தையொட்டி புத்த பூர்ணிமா வரும், கூட்டம் பிடிச்சவங்க அன்னிக்குப் போங்க.

அத்தை கேட்ட கடைசிக் கேள்வி: "அதே நாள்ல கபிலவஸ்துவும் பாத்துடலாமா?"

வேண்டாம் அத்தை. சித்தார்த்தர் வளந்த அந்த ஊர் லும்பினிக்கு மேற்க 27 கி.மீ. தள்ளி இருக்கற திலௌராகோட்னு நேபாளம் சொல்லுது. கோட்டைச் சுவர், வாசல் எல்லாம் தோண்டி எடுத்திருக்காங்க. பக்கத்துலயே நிகாலி சாகர்ல இன்னொரு அசோகர் தூண். அதுக்கெல்லாம் லும்பினியில ஒரு ராத்திரி தங்கணும். இந்தியப் பக்கம் சித்தார்த்நகர் மாவட்டத்துல இருக்கற பிப்ரஹ்வாதான் கபிலவஸ்துன்னு சொல்ற அறிஞர்களும் உண்டு. 1898-ல பெப்பேங்கற நிலச்சுவான்தார் அங்க ஸ்தூபியைத் திறந்து அஸ்திக் கலசம் எடுத்தார். அந்தக் கலசத்தோட கிடைச்ச நகைமணிகள்தான் 2025-ல ஹாங்காங் ஏலத்துக்குப் போக இருந்து, அரசாங்கம் தலையிட்டு இந்தியாவுக்குத் திரும்பி வந்தது.

பிப்ரஹ்வாவுக்கு எல்லை தாண்ட வேண்டியதில்ல. அதனால அட்டவணையில மறுநாள் காலையில அதைப் போட்டிருக்கேன். ஷாப்பிங்கை எடுத்துட்டேன். அத்தைக்கு வருத்தம் இருந்தா சுனௌலியில திரும்பி வரும்போது ஒரு டீ குடிக்கற நேரத்துல பாசிமணி மாலை வாங்கிக்கலாம், ரோட்டு ரெண்டு பக்கமும் அதுதான் தொங்குது.